மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரையின் வேர் அறுமா?

திருவட்டாறு பக்கத்து மலையோர கிராமத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

வயது 52. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் காலையும் இரவும், கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் காலையில் மட்டும். மூன்றரை மணிக்கு எழுந்து ஒரு கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்து, அதோடு இரண்டு மாத்திரையையும் விழுங்கிவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நான்கு மணிக்கு மரத்தடியில் நிற்பார். வெட்டி முடித்து, பாலை எடுத்து உறைய வைத்து, வீட்டுக்கு வந்து சாப்பிடப் பதினோரு மணி ஆகிவிடும். எட்டு, ஒன்பது மணிவாக்கில் அடிக்கடி கை நடுங்கும், உடம்பெல்லாம் வியர்க்கும், கண் இருட்டும். 'இந்த மாத்திரை என் உடம்புக்குச் சேராது' என்பது அவர் முடிவு. அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. பல வருடம் மாத்திரை சாப்பிட்டு, கடைசியில் கிட்னி போய் இறந்தார். 'மாத்திரைதான் கிட்னியைத் தின்னுச்சு' என்று வீட்டில் இன்றும் பேச்சு.

சமீபத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் நடந்திருக்கிறது. மாத்திரை நோயை மூடி மறைக்குமே தவிர தீர்க்காது, மூல காரணம் ஈரலிலும் குடலிலும் தேங்கிய கழிவு, ஒரு மண்டலம் பொடியும் சாறும் மட்டும் எடுத்தால் வேரோடு போகும் என்று ஒருவர் பேசியிருக்கிறார். ஆறாயிரம் ரூபாய் கட்டியாயிற்று. இன்னும் ஒன்பதாயிரம் கட்ட வேண்டும். மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 286. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். எடை 71 கிலோவிலிருந்து 68 ஆகிவிட்டது. 'கழிவு இறங்குது, நல்ல அறிகுறி' என்கிறாராம் பொடிக்காரர். நர்சிங் படிக்கும் மகள் தினமும் சண்டை போடுகிறாள்.

அவர் கேட்பது: மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா? மூல காரணத்தைச் சரிசெய்து நோயை முழுக்கப் போக்க முடியாதா? மரச்சீனிக் கிழங்கையும் (மரவள்ளி) கருப்பட்டியையும் விட்டே ஆக வேண்டுமா? 24 வயது மகனுக்கும் இது வருமா?

இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன்.

முதலில், நாளைக் காலை செய்ய வேண்டியது

சாறு விரதத்தைத் தொடங்கிவிடாதீர்கள். நாளைக்கே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ போங்கள். மாத்திரையை மூன்று வாரமாக நிறுத்தியதையும் பொடி சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழலாம், பரவாயில்லை. பொடி டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். சிறுநீரில் கீட்டோன் (உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது சேரும் அமிலப் பொருள்) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று கிலோ குறைந்தது கழிவு இறங்கியதால் என்று நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாமல் போகிறது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும், தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இரவில் நாலைந்து தடவை எழுவது அதனால்தான். சாப்பிட்ட சோறு உடம்பில் சேராததால் தசையும் கொழுப்பும் கரைகின்றன. நீங்கள் இழந்த மூன்று கிலோவில் நீரும் தசையும் நிறையவே இருக்கும்.

வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல், அசாதாரணத் தூக்கக் கலக்கம், இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த நடுக்கம் எதனால் வந்தது

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய இடம் இதுதான். நடுக்கம், வியர்வை, கண் இருட்டு மூன்றும் சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளங்கள். மெட்ஃபார்மின் தனியாக இப்படிச் செய்வது மிக அரிது. செய்திருப்பது கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மருந்து பார்க்காது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். அதனால்தான் அதை அன்றைய முதல் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறோம். நீங்கள் மூன்றரை மணிக்கு எடுத்து, ஏழு மணி நேரத்துக்கு மேல் கட்டஞ்சாயாவோடு நின்று, நடந்து, குனிந்து நிமிர்ந்து மரம் மரமாக வெட்டியிருக்கிறீர்கள். நடுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் குடிப்பது உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். மது ஈரலிலிருந்து சர்க்கரை வெளிவருவதைத் தடுக்கும். ஞாயிற்றுக்கிழமை வெட்டுக்குப் போகிற நாளில் நடுக்கம் கூடுதலாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரை எழுதியவர், நீங்கள் எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுகிற ஆள் என்று நினைத்து 'காலை ஒன்று' என்று எழுதியிருப்பார். நீங்களும் மூன்றரை மணிக்கு எழுவதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். வெளிநோயாளி வரிசையில் அதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆக, மாத்திரை உங்களுக்குச் சேராமல் போகவில்லை, மாத்திரையின் நேரம்தான் உங்கள் வேலைக்குச் சேரவில்லை. இதற்கு வழி உண்டு. மருத்துவரிடம் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று மணிக்கணக்கில் சொல்லுங்கள். கிளிமிபிரைடை முதல் சாப்பாட்டுக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், அல்லது தாழ்சர்க்கரை அபாயம் குறைந்த சிட்டாகிளிப்டின் போன்ற மருந்துக்கு மாறலாம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அது இப்போது முன்போல விலை இல்லை. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விலையை விசாரியுங்கள். டாபாகிளிஃப்ளோசின் என்று ஒன்று இருக்கிறது, நல்ல மருந்து. ஆனால் அது சிறுநீர் வழியே சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றும். வியர்த்துக் கொட்டும் வேலைக்காரர், அதுவும் விரதம் இருக்க நினைக்கிறவர் அதை யோசித்துத்தான் தொடங்க வேண்டும்.

ஆறரை மணிக்கு வெட்டை நிறுத்திப் பத்து நிமிடம் உட்கார்ந்து இரண்டு அவித்த முட்டையும் ஒரு கை அவித்த சிறுபயறும் சாப்பிட முடியுமா என்று பாருங்கள். மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளலாம். நடுக்கம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. அதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.

அப்பாவின் கிட்னி

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. வருடக்கணக்கில் உயர்ந்து நிற்கும் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கெடுக்கின்றன. பிறகு ஏன் ஊரெல்லாம் இப்படி ஒரு நம்பிக்கை? சிறுநீரகத்தின் வேலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும், மெட்ஃபார்மின் உடம்பில் தங்கிவிடும் என்பதால் மருத்துவர் அதை நிறுத்திவிடுவார். வீட்டில் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு, கிட்னி போனது, டாக்டர் மாத்திரையை நிறுத்தினார், அப்படியானால் மாத்திரைதான் காரணம் என்று தோன்றுகிறது. நிகழ்ந்தது தலைகீழ். பிரிட்டனில் 1977இல் தொடங்கி, புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. மருந்து கொண்டு சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்ணிய ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

சிறுநீரகத்துக்கு உண்மையிலேயே ஆகாத ஒன்றை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் வகையைச் சர்க்கரைக்காரர் அடிக்கடி போடக் கூடாது. அதை இன்றே நிறுத்துங்கள்.

இன்னொன்று. மாத்திரை ரசாயனம், பொடி இயற்கை என்கிறீர்கள். மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஐரோப்பிய வயல்வெளியில் வளரும் கலேகா என்ற செடிதான். அதில் கிடைத்த பொருளின் வழியாக ஆராய்ந்து, 1957இல் பாரிஸில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டார்கள். மறுபக்கம், உரிம எண்ணும் சேர்மானமும் எழுதாத சர்க்கரைப் பொடிகளைச் சோதித்தபோது கிளிபென்கிளமைடு போன்ற அலோபதி மாத்திரைகளும் ஈயமும் கலந்திருந்தது பலமுறை பதிவாகியிருக்கிறது.

மூல காரணம் என்று எதைச் சொல்வது

காரணத்தைத் தேட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டுக் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத வைத்தியமும் பாதி வைத்தியம்தான். ஆனால் காரணம் ஒன்றே ஒன்று, அதைப் பிடுங்கினால் நோய் போகும் என்பது இந்த நோயின் கதை இல்லை.

உங்களைப் பொறுத்தவரை என் கணிப்பு இது. அப்பாவிடமிருந்து வந்த வாகு ஒன்று. இரண்டாவது, வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் படிந்த கொழுப்பு. 'நான் குண்டு இல்லை' என்கிறீர்கள். 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு 71 கிலோ என்றால் உடல்நிறைக் குறியீடு 25, இடுப்புச் சுற்று 96 சென்டிமீட்டர். நம் நாட்டவருக்கு 25 என்பதே பருமன் கணக்கு, ஆணுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கிற உடம்பு நம்மவருக்குப் பரவலாக உண்டு. ஈரலில் கொழுப்பு ஏறினால் இன்சுலின் சொல்வதை ஈரல் கேட்காது, இரவு முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். பொடிக்காரர் ஈரலைக் கைகாட்டியதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அங்கே தேங்கியிருப்பது கழிவு இல்லை, கொழுப்பு. பொடியால் அது கழுவிப் போகாது.

மூன்றாவது, தூக்கம். பதினோரு மணி வரை செல்போன் பார்த்துவிட்டு மூன்றரைக்கு எழுகிறீர்கள். நாலரை மணி நேரம். தூக்கக் குறைவு இன்சுலின் வேலையைக் கெடுக்கும், பசியையும் கூட்டும். பால்வெட்டுக்காரர் எட்டரைக்குப் படுத்தே ஆக வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் நான் சொல்வதில் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கடைசியாக, மழைக்காலமும் இலையுதிர் காலமும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. வெட்டில்லாத வாரங்களில் நடை நின்றுவிடுகிறது, கையில் காசும் இல்லை, கவலை வேறு. அந்த மாதங்களில் உங்கள் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. மாத்திரையே இல்லாமல் இருக்க முடியுமா? சிலரால் முடியும். பிரிட்டனில் 306 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. கிட்டத்தட்ட 850 கலோரி திரவ உணவை மூன்று முதல் ஐந்து மாதம் வரை கொடுத்தார்கள். எடை குறைத்தவர்கள் குழுவில் ஒரு வருட முடிவில் 46 சதவீதத்தினர் மாத்திரையின்றிச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தனர், இரண்டு வருட முடிவில் 36 சதவீதம். அங்கேயும் மாத்திரையை முதல் நாளே நிறுத்தினார்கள் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. பொடிக்காரர் இதையே கூடச் சாட்சிக்கு இழுக்கலாம். ஆனால் அங்கே உணவு அளந்து கொடுக்கப்பட்டது, மருத்துவக் குழு கூடவே இருந்தது, சர்க்கரை ஏறியவர்களுக்கு மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்களையும் இன்சுலின் போடாதவர்களையும் மட்டுமே சேர்த்தார்கள். 286ஐ நல்ல அறிகுறி என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் ஆறு வருட விளிம்பில் நிற்கிறீர்கள். உங்களுக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், உறுதியும் தர மாட்டேன். அப்படி விடுபட்டவர்களையும் 'குணமாகிவிட்டது' என்று சொல்வதில்லை. மாத்திரையின்றி மூன்று மாதமாவது, HbA1c என்ற ரத்தப் பரிசோதனை காட்டும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'தணிந்திருக்கிறது' என்கிறோம். எடை திரும்பினால் அதுவும் திரும்பும்.

குலை தள்ளிய ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தடத்தில் உரம் வைப்பீர்கள். முட்டுக்கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேருக்குப் போகிறேன் என்று யாரும் கிளம்புவதில்லை. முதலில் மருந்தால் சர்க்கரையைக் கீழே கொண்டுவாருங்கள். பிறகு ஆறு மாதத்தில் 65 கிலோவைக் குறியாக வையுங்கள். எடை இறங்க இறங்க, அளவு பார்த்து, மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார்.

கிழங்கும் கருப்பட்டியும்

விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு, அரிசி கிடைக்காத காலங்களில் நம் தாத்தா பாட்டிகளை உயிரோடு வைத்திருந்தது. அதை விஷம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 100 கிராம் கிழங்கில் 35 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, அதே எடை சோற்றில் சுமார் 28. மத்தியானம் நீங்கள் சாப்பிடுவதாகச் சொல்லும் அரைக் கிலோ கிழங்கு, அறுநூறு கிராம் சோற்றையும் தாண்டும். வெட்டு முடிந்த பிறகு இதைச் சாப்பிட்டு உடனே படுக்கிறீர்கள். நான் கேட்பது, கிழங்கை 150 கிராமாக்கி, சாளையையும் நெத்தோலியையும் கூட்டி, தட்டில் பாதிக்கு முருங்கையிலைத் துவரனோ பயற்றங்காய்த் துவரனோ வைப்பது. முடித்ததும் கால் மணி நேரம் நடங்கள், பிறகு படுங்கள். சம்பா அரிசிக் கஞ்சி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பதும் தவறு. அதிலும் அரிசி அரிசிதான்.

கருப்பட்டியில் இருப்பதும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ். சீனிக்குப் பதில் கருப்பட்டி என்று மாற்றிக்கொள்வதால் ரத்தச் சர்க்கரைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அக்கானியும் (பதநீர்) அப்படியே. நடுக்கம் வரும்போது சீனி கையில் இல்லையென்றால் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடிக்கலாம், அங்கே அது மருந்து. மட்டிப்பழம் ஒன்று சாப்பிடுங்கள், முழு ஏத்தன்பழம் வேண்டாம்.

கிழங்கு தின்றால் கணையத்தில் கல் வந்து சர்க்கரை வரும் என்று ஒரு பேச்சும் உண்டே, கேட்டிருப்பீர்கள். கேரளத்தில் கணையக் கல்லோடு வரும் சர்க்கரை அதிகம் காணப்பட்டபோது மரச்சீனியின் மேல் சந்தேகம் விழுந்தது நிஜம். பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை, மரபணுக் காரணங்கள்தான் வெளிவந்தன. கிழங்கை அவித்துத் தண்ணீரை வடித்துவிடும் நம் பழக்கம் மட்டும் நல்லது, விடாதீர்கள். இதைப் படிக்கிற ஒல்லியான இளவயதுக்காரர் யாருக்காவது, சின்ன வயதிலிருந்தே முதுகுக்குப் பாயும் மேல்வயிற்று வலியும் எண்ணெய்ப் பசையான மலமும் இருந்து சர்க்கரையும் வந்திருந்தால், அவர் கணையத்தை ஸ்கேன் எடுக்க வேண்டும். அவருக்கு மூல காரணமே வேறு, எடை குறைப்பது அவருக்குக் கெடுதல்.

கால்

பாதம் எரிவதைச் சூடு என்கிறீர்கள். உயர் சர்க்கரை நரம்பைத் தொட்டிருக்கலாம். பல வருட மெட்ஃபார்மினால் வைட்டமின் பி12 குறைந்திருக்கவும் கூடும். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவு என்றால் அதைக் கொடுத்துச் சரிசெய்யலாம், மெட்ஃபார்மினைக் கைவிட வேண்டியதில்லை. உணர்வு மங்கிய காலோடு, அட்டையும் முள்ளும் உள்ள தோட்டத்தில், ரப்பர் செருப்பில் நடப்பது ஆபத்து. மூடிய பூட்ஸ் வாங்குங்கள், போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். படுக்கப் போகும் முன் மகளிடம் பாதத்தை விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நர்சிங் படிக்கிற பிள்ளை, சண்டையும் தானாகக் குறையும்.

பணமும் சட்டமும்

மீதி ஒன்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. அவரிடம் பதிவு எண்ணையும் பொடியின் உரிம எண்ணையும் பில்லையும் கேளுங்கள். தராவிட்டால் மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். கட்டிய ஆறாயிரம் திரும்பும் என்று நம்பிக்கை கொடுக்க என்னால் முடியாது. நாட்டு வைத்தியத்தில்தான் மனம் நிற்கிறது என்றால் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். பதிவுபெற்ற வைத்தியர் ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார். இரு பக்கமும் எதை எடுக்கிறீர்கள் என்பதை இரு பக்கமும் சொல்லிவிடுங்கள்.

மகனைப் பற்றி. அப்பா, தாத்தா இருவருக்கும் இருக்கிறது, அவனும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறான், வயிறும் போட்டிருக்கிறது என்கிறீர்கள். முப்பது வயது வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரையின் முன்நிலையில் இருந்தவர்களை வைத்துச் சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மட்டுமே மூன்று வருடத்தில் நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன, அதுவும் எடை பெரிதாகக் குறையாமலே. மூல காரணத்தில் கை வைக்க மிகச் சரியான ஆள் உங்கள் வீட்டில் அவன்தான்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று மாதச் சராசரி, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர் ஆல்புமின், பி12, விழித்திரைப் பரிசோதனை, ரத்த அழுத்தம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள், தன்னார்வலரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். முடிவுகள் வந்ததும் அந்த எண்களையும் புதிய மாத்திரைச் சீட்டையும் அனுப்புங்கள். கிரியாட்டினினைப் பார்த்த பிறகுதான் எந்த மருந்து உங்களுக்கு எவ்வளவு என்று மேற்கொண்டு பேச முடியும்.